வலம் வந்த அலை

இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது அந்தக் கோடு.

சூரியனிலிருந்து புயல் கிளம்பி வந்தது, அடித்தது, போயும் சேர்ந்தது. காந்தப்புலத்தை அளக்கும் மற்ற நாட்டு நிலையங்களின் கோடுகளெல்லாம் ஏறி, ஆடி, சரிந்து, சில நாளில் நல்ல பிள்ளைகளாகப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. மலேசியாவின் ஒத்தப்பாலம் தோட்டத்துக் கோடு மட்டும் ஏறின இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. பிரேமலா அதை மடிக்கணினியில் பார்த்தாள், கைப்பேசியில் பார்த்தாள், காலையில் பல் துலக்கிக்கொண்டே பார்த்தாள். முறைத்தும் பார்த்தாள். கோடு அசைவதாக இல்லை.

அவளுக்குச் சாதாரணமாகவே கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இந்த வாரம் அது மூக்கைத் தாண்டி வெளியே வந்து நடமாடிக்கொண்டிருந்தது. காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

பிரேமலா விண்வெளி இயற்பியலாளர். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று பாறையால் ஆன நான்கு கோள்களையும் கட்டிக்கொண்டு அழுவதுதான் அவள் பிழைப்பு. சூரியன் வெளிச்சத்தை மட்டும் அனுப்பவில்லை. பிளாஸ்மா என்கிற மின்னேறிய துகள்களை ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றை பூமி தன் காந்தப்புலத்தால் தள்ளி நிறுத்துகிறது. புதனுக்கு வாய்த்ததோ நோஞ்சான் புலம். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் அப்படி ஒன்று இல்லவே இல்லை. செவ்வாயின் காற்றைச் சூரியன் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுத்துக்கொண்டு போகிறது. நான்கும் ஒரே அடியை எப்படி எப்படித் தாங்குகின்றன என்று கண்டுபிடித்தால், ஏன் இங்கே மட்டும் நாமெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம் என்பது கொஞ்சம் விளங்கும். "நம்மள யாரு காப்பாத்துறாங்கன்னு பாக்குறேன்" என்று ஒருதரம் அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா அமராவதி, "அது எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றுவிட்டார்.

இந்தத் தடவை வந்த புயல் புதனை அடித்து, வழியிலேயே பூமியையும் அடித்து, செவ்வாய் வரை போனது. அபூர்வமான வாய்ப்பு. புதனருகே ஒரு விண்கலம் பதிந்தது. செவ்வாயைச் சுற்றும் கலமும் பதிந்தது. பூமியில், காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பதிய வேண்டிய நிலையங்களில் ஒன்று, கோல சிலாங்கூருக்கு வடக்கே, செம்பனைக்கு நடுவில் புதைத்து வைத்திருந்த பிரேமலாவின் காந்தமானி. அதற்கு அந்த ஊரில் பெட்டி என்று பெயர்.

பெட்டி சும்மா பதியவில்லை. மற்ற நிலையங்களுக்குக் கால் மணி நேரம் முன்பாகவே குதித்தது. குதிப்பதற்குச் சற்று முன் மூன்று அழகான அலைகள், கோலம் போட்ட மாதிரி. காந்தப்புலம் வட்டமாகச் சுழன்ற அலைகள். பின்லாந்திலிருந்த ஆய்வுக் குழுத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாராம். ஏனென்றால் புதனுக்கு முன்னால், புயலின் அதிர்ச்சி அலை வந்து மோதுவதற்கு முன்பு, கலம் கண்டதும் இதே மாதிரி சுழலும் அலைகள்தாம். இரண்டும் ஒரே குடும்பம் என்பது அவர் கட்சி. திங்கட்கிழமை கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதை அறிவிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அறிவித்தால் ஒத்தப்பாலத்துக்கு இரண்டாவது பெட்டி வரும். நிலையம் நிலைத்துவிடும்.

ஆனால் இறங்காத கோடு? புயல் போன பின்னும் இறங்காத கோடு என்றால் பெட்டியில் கோளாறு என்று பொருள். இந்தப் பெட்டி ஏற்கெனவே இரண்டு முறை படுத்துவிட்டது. மழையில் தண்ணீர் இறங்கி ஒருமுறை, செம்பனைத் தோட்டத்து எலி கம்பியைக் கடித்து ஒருமுறை. மூன்றாவது முறையும் கெட்டது என்றால் நிலையத்தை வலையமைப்பிலிருந்து எடுத்துவிடுவோம் என்று தலைவர் முன்பே நாசூக்காகச் சொல்லி வைத்திருந்தார். அறிவிப்பா, அடக்கமா என்பது திங்கட்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிரேமலா தோட்டத்துக்குக் கிளம்பினாள்.

காரை ஓட்டினவள் கைருன்னிசா. பெட்டியைச் செய்தவளே அவள்தான், மின்னணுப் பொறியாளர். இருவரும் கோல சிலாங்கூரில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. கைருன்னிசாவின் அத்தா டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். மகள் வருகிறாள் என்று தெரிந்தால் பரோட்டா பொட்டலம் தானாகக் காருக்குள் வந்துவிடும்.

"தின்னுட்டு கோபப்படுடி. வெறும் வயித்துல கோபப்பட்டா கேஸ்டிக் வரும்லா."

"எலிதான். நீ வேணா பாரு, மறுபடியும் எலிதான்."

"எலி கடிச்சா கோடே வராது. இது என்னமோ நல்லா உக்காந்துருக்கு. யாரோ பக்கத்துல எதையோ கொண்டாந்து வச்சிருக்காங்க."

"முனி கோயில் பக்கம் யாருடி வைப்பா?"

அதுதான் விஷயம். காந்தமானிக்கு அமைதியான இடம் வேண்டும். மின்சாரம் கூடாது, டிராக்டர் கூடாது, இரும்பு கூடாது. செப்புக் கம்பியைத் திருடுகிறவன் கண்ணிலும் படக்கூடாது. தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு அவர்கள் கண்டுபிடித்த இடம் முனீஸ்வரர் கோயில் வளாகத்தின் கடைசி ஓரம். கோயிலில் நட்டிருந்த சூலமும் அருவாளும் எட்டத்தில் இருந்தன. அவற்றின் பாதிப்பைத் தொடக்கத்திலேயே அளந்து கழித்தாயிற்று. முனி காவல் இருக்கும் இடத்தில் லோரி நுழையாது, திருடன் கை வைக்க மாட்டான். மெனேஜரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தவர் அமராவதி. அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது டவுனில் தாமான் குடியிருப்பில் இருக்கிறார். பெட்டியைப் புதைத்த நாளிலிருந்து அவருக்கு அது வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகப் பிள்ளை மாதிரி. ஃபோன் எடுத்தால் முதல் கேள்வியே, "பெட்டி எப்படிடி இருக்கு?"

தார்ச் சடக்கோரம் காரை நிறுத்தி, சாவி, கைப்பேசி, கடிகாரம் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துவிட்டு நடந்தார்கள். பெட்டியின் பக்கம் போகிறவர்கள் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது என்பது பிரேமலா போட்ட சட்டம். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஆராய்ச்சி செய்வதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது. பெட்டி புதைத்த சிமெண்டுப் பலகையை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு மேல் ஓர் அருவாள் நின்றிருந்தது. புத்தம் புதிது. சிவப்புத் துணி, நுனியில் செருகின எலுமிச்சம்பழம், வாடிப்போன சாமந்தி மாலை, பலகையின் மேல் ஒரு பொட்டு. பெட்டிக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள்.

கைருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

"சிரிச்ச, கொன்னுடுவேன்" என்றாள் பிரேமலா.

கோயிலுக்குள்ளிருந்து செல்வா வந்தான். வார நாளில் ரவாங் ஃபேக்டரியில் வேலை, ஞாயிறானால் இங்கே பூசாரி. பிரேமலாவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அக்கா, பாத்தீங்களா? ஜோரா இருக்குல்ல?"

"யாரு செல்வா இத வச்சது?"

"ஏக்கா, உங்களுக்குத் தெரியாதா? உங்க அம்மாதான். நான்தான் மோட்டார் பைக்ல ஏத்தியாந்தேன். நீங்க ஃபோன் பண்ணிச் சொன்னீங்கன்னு சொன்னாங்களே."

"நானா சொன்னேன்? எதச் சொன்னேன்?" பிரேமலாவின் குரல் செம்பனை மட்டைவரை எகிறியது. "கடப்பாறை இருக்கா? கொண்டா. இப்பவே புடுங்கி எறியிறேன்."

செல்வாவின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டன. "என்னக்கா இப்படிப் பேசுறீங்க? வேண்டுதல் அருவாக்கா. நட்டா நட்டதுதான். நான் தொட மாட்டேன். நீங்களும் தொடாதீங்க. வேற என்ன வேணா கேளுங்க."

பிரேமலா திரும்பி விறுவிறுவென்று சடக்கை நோக்கி நடந்தாள். கைருன்னிசா செல்வாவிடம், "பயப்படாத, அவ அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினாள்.

தாமானில் அமராவதி மகள் வரப்போகிறாள் என்று சேமியா கிளறிக்கொண்டிருந்தார். வாசலில் கார் நின்ற சத்தத்திலேயே மகளின் மனநிலை தெரிந்துவிட்டது. கதவைச் சாத்திய வேகம் அப்படி. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

"பாத்தியா? பாத்துட்டுத்தான வர்ற? ரவாங்ல சொல்லி அடிச்சது. எப்படி?"

"ம்மா, யாரக் கேட்டும்மா வச்ச?"

"யாரக் கேக்கணும்? ரெண்டு தடவ பெட்டி படுத்துக்கிச்சு, நீ சோறு தண்ணி இல்லாம கெடந்த. அப்பவே முனிகிட்ட வேண்டிக்கிட்டேன். பெட்டி நல்லா வேல செஞ்சு எம்மவ மொகத்துல சிரிப்பப் பாத்துட்டேன்னா அருவா வைக்கிறேன்னு. போன ஞாயித்துக்கெழம நீதான ஃபோன் பண்ணுன? பெட்டி சூப்பரா ஓடுது, பெரிய புயல் வருது, இன்னைக்கே வந்துரும்மான்னு சொல்லிச் சிரிச்ச. எத்தன நாளாச்சு நீ அப்படிச் சிரிச்சு! அருவாள முன்னமே அடிச்சு வச்சிருந்தேன், ஒடனே செல்வாவக் கூப்புட்டேன்."

பிரேமலாவுக்கு அந்த ஃபோன் ஞாபகம் வந்தது. ஆமாம், சிரித்தாள்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பெட்டிகிட்ட இரும்பு கொண்டுபோகக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியாம என்ன? சாவிக்கொத்த செல்வா மோட்டார்லயே வச்சுட்டேன். ஃபோனையும் அங்கயே வச்சுட்டேன். பொடவையில குத்துன பின்னுகூடக் கழட்டிட்டேன், முந்தானையைக் கையில புடிச்சுக்கிட்டே நடந்தேன். இன்னும் என்ன செய்யணுங்குற?"

"கையில நாலடி அருவா இருந்துச்சேம்மா!"

அமராவதி மகளை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "அது இரும்பாடி? அருவாடி! சாமி சாமான்."

கைருன்னிசா சமையல்கட்டுக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். பிரேமலா சிரிக்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கொட்டினாள். நாலு வருஷ உழைப்பு என்றாள். நாளைக்கு உலகத்துக்கு முன்னால் நான் எந்த மூஞ்சியோடு நிற்பேன் என்றாள். "நீ நன்றி சொன்னது போதும்மா, என் வேலையக் கெடுத்துட்ட" என்று கடைசியில் சொன்னாள். சொன்னவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். கடிக்கவில்லை.

அமராவதி அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவி வைத்தார். பிறகு உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"எங்க கெளம்புற?"

"நான் போயி புடுங்கிடுறேன். செல்வா தொட மாட்டான், நீ தொடக் கூடாது. நான்தான வச்சேன். முனி கேட்டா என்னைக் கேட்டுக்கட்டும். ஒன் வேலை கெடக் கூடாது."

நேர்ந்து நட்டதைத் தன் கையால் பிடுங்குவது என்றால் அமராவதிக்கு என்ன அர்த்தம் என்று பிரேமலாவுக்குத் தெரியும். உயிரைக் கொடுக்கிறேன் என்பதை அவர் கடைக்குப் போய் வருகிறேன் என்கிற மாதிரி சொல்லிக்கொண்டு செருப்பைத் தேடினார். பிரேமலாவின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெட்கம்தான் மிச்சம். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து சோஃபாவில் உட்கார வைத்தாள்.

"நீ எதையும் புடுங்க வேணாம். உக்காரு. நான் பேசுனது தப்பு, மன்னிச்சுக்க. அருவா அங்கயே இருக்கட்டும். நாங்க பெட்டிய நகத்திக்கிறோம்."

"நகத்தலாமா?"

"முனிதான் முன்னாடி வந்தவரு. நாங்கதான் தள்ளி ஒக்காரணும்."

அமராவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைருன்னிசா சேமியாவை மூன்று தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். பாதி தின்றுகொண்டிருக்கும்போதுதான் பிரேமலாவின் கை நின்றது.

"ம்மா. நடுறதுக்கு முன்னால என்ன பண்ணுன?"

"என்ன பண்ணுவாங்க? சாமிய கும்புட்டேன். அப்பறம் அருவாளத் தூக்கிக்கிட்டு மூணு சுத்து சுத்துனேன்."

"சாமியையா?"

"பெட்டியத்தான். வேண்டுதல் பெட்டிக்குத்தான?"

கைருன்னிசாவும் பிரேமலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அருவாள எப்படிப் புடிச்சிருந்த? நிமித்தியா?"

"பின்ன, தொங்கப் போட்டுக்கிட்டா போவாங்க?"

"வலமாத்தான சுத்துன?"

"அடியே, எடமா சுத்த இதென்ன எழவு வீடா?"

மடிக்கணினி திறந்தது. அந்த மூன்று அலைகள். புலம் வட்டமாகச் சுழன்ற அலைகள், அதுவும் வலமாக. புதனுக்கு முன்னால் கண்ட அலைகளுக்கு உறவென்று பின்லாந்துக்காரர் கொண்டாடிய அலைகள். நாலடி இரும்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் பெட்டியை நிதானமாக ஒரு சுற்று வந்தால் பெட்டிக்குள் புலமும் நிதானமாக ஒரு சுற்று சுற்றும். மூன்று சுற்றுக்கு மூன்று அலை. பிறகு நட்டார், கோடு குதித்தது. அருவாள் அங்கேயே நிற்கிறது. கோடும் அங்கேயே நிற்கிறது. பிரேமலா தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மாவுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் மகள் சிரிக்கிறாளே என்று அவரும் சிரித்தார்.

சிரித்து முடிந்த பிறகு பிரேமலா கணினியை மூடினாள்.

"சொல்லாம விட்டா ரெண்டாவது பெட்டி வந்துரும்லா" என்றாள் கைருன்னிசா, தட்டைப் பார்த்துக்கொண்டு. விளையாட்டாகச் சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது.

"வரும். அப்பறம் இல்லாத அலையத் தேடிக்கிட்டு எத்தன பேரு எத்தன வருஷம் அலைவாங்க? எங்கம்மா நடந்த நடைய புதன் கோளு கணக்குல எழுத முடியாதுடி."

"தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன். நீ ஆமான்னு சொல்லியிருந்தா நான் ஒன்ன அடிச்சிருப்பேன்."

ஆனால் வாயால் சொன்னால் போதாது. செய்து காட்ட வேண்டும். அதுதான் அவர்கள் தொழிலின் முறை. வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். நட்ட அருவாளைத் தொடக் கூடாது. அதே எடைக்கு ஓர் இரும்புக் குழாயைச் செல்வா தேடிக் கொடுத்தான். அமராவதி நானே நடக்கிறேன் என்று கிளம்பினார்; அவர் முட்டி இருக்கும் லட்சணத்துக்கு பிரேமலா விடவில்லை. பிரேமலா கணினியோடு சடக்கோரம் உட்கார வேண்டும். மிச்சம் இருந்தது கைருன்னிசா.

"நான் பெட்டியத்தான் சுத்துறேன், சாமிய இல்ல" என்று குழாயை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் உரக்க அறிவித்தாள். "யாராச்சும் அத்தாகிட்ட வேற மாதிரி சொன்னீங்க, எல்லாருக்கும் பரோட்டா கட்."

"தோள்ல சாய்க்காதம்மா, நேரா புடி" என்று அமராவதி தூரத்திலிருந்து திருத்தம் சொன்னார். கைருன்னிசா மூன்று சுற்று வந்தாள். திரையில் மூன்று அலைகள் வட்டமாக எழுந்து வந்தன. அச்சு அசல்.

அதன் பிறகு பெட்டியைத் தோண்டி எடுத்து, மெனேஜரிடம் ஃபோனில் கேட்டுக்கொண்டு, வளாகத்தின் மறுகோடியில் புதைத்தார்கள். செல்வாவே மண்ணைப் போட்டு மூடினான். இந்தப் பக்கம் இனிமேல் யாரும் அருவாள் கொண்டு வராமல் தான் பார்த்துக்கொள்வதாக முனி முன்னால் நின்று அவன் வாக்குக் கொடுத்தது பிரேமலாவுக்கு எந்த எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும்விடத் தெம்பாக இருந்தது.

திங்கட்கிழமை மாலைக் கூட்டத்தில் பிரேமலா அம்மா வீட்டிலிருந்தே கலந்துகொண்டாள். திரை நிறைய முகங்கள். கேமராவில் படாமல் எதிர் நாற்காலியில் அமராவதி, புதுச் சேலையில். மகளின் மேலதிகாரிகள் வருகிறார்கள் என்றால் நைட்டியிலா உட்காருவது என்பது அவர் நியாயம். கைருன்னிசா பக்கத்தில்.

தலைவர் அறிவிப்புக்குத் தொண்டையைச் செருமியபோது பிரேமலா கையை உயர்த்தினாள். மூன்று அலைகளையும் திரையில் பெரிதாகப் போட்டாள்.

"மன்னிக்கணும். இது பிளாஸ்மா அலை இல்லை" என்றாள் ஆங்கிலத்தில். "இது என் அம்மா."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுதல் என்றால் என்ன, அருவாள் ஏன், ஏன் மூன்று சுற்று, ஏன் வலமாக. சிலர் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. தலைவர் சிரிக்கவில்லை. தன் அறிவிப்புப் பக்கத்தை மெதுவாக மூடிவைத்தார். அந்த முகத்தைப் பார்க்க பிரேமலாவுக்குப் பாவமாக இருந்தது.

அப்படியானால் அந்த நிலையத்தை இனி நம்புவது எப்படி என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் கைருன்னிசா காத்திருந்தாள். தான் நடந்த அலைகளை முதலில் காட்டினாள். பிறகு அம்மாவின் மூன்று சுற்றையும் நட்ட அருவாளையும் பதிவிலிருந்து கழித்துக் காட்டினாள். கீழே மிஞ்சியது சுத்தமான ஒரு கோடு. அதில் புயல் வந்து மோதிய இடம் தனியாகத் தெரிந்தது, மற்ற நிலையங்கள் பதிந்த அதே நேரத்தில். ஏறியது, ஆடியது, சரிந்தது, திரும்பியது.

"ஒரு பெண் கையில் தூக்கிக்கொண்டு நடந்த இரும்பைச் சுற்றுச் சுற்றாகப் பதிந்திருக்கிறது" என்றாள் அவள். "கெட்டுப்போன பெட்டி இதைச் செய்யாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புயலின் கோட்டையும் அம்மாவின் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவது பெட்டியைப் பற்றி இப்போது பேச முடியாது என்றார். நிலையம் இருக்கட்டும் என்றார். தன்னைப் பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றியதற்குப் பிரேமலாவுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னார். பிரேமலா மூச்சை விட்டாள். உள்ளுக்குள் ஒருதரம் முனியைக் கும்பிட்டும்விட்டாள்; பழக்க தோஷம்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றார் தலைவர், அலைகளை விட மனமில்லாமல். "உங்கள் தோழி நடந்த மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன. உங்கள் அம்மா நடந்ததில் மூன்றாவது அலை பாதியில் அப்படியே நிற்கிறது. சற்று நேரம் கழித்துத்தான் மறுபடி நகர்கிறது. அங்கே என்ன நடந்தது?"

பிரேமலா அதை அம்மாவிடம் கேட்டிருக்கவே இல்லை. முட்டி வலியாக இருக்கும் என்று தானாக நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே திரும்பினாள்.

"ம்மா, மூணாவது சுத்துல நின்னியா?"

"ஆமா, நின்னேன்." அமராவதி திடுக்கிட்டார். "அதுகூடவா அதுல தெரியுது?"

"முட்டி வலிச்சிச்சா?"

"முட்டி வலிக்கத்தான் செஞ்சிச்சு. அதுக்கா நின்னேன்?" அவர் மடிக்கணினியின் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொத சுத்து முனிக்கு. ரெண்டாவது, பாவம், அந்தப் பெட்டிக்கு. மூணாவது சுத்துறப்பதான் ஒன் நெனப்பு வந்திச்சு. எல்லாருக்கும் நன்றி சொல்றோமே, இந்தப் புள்ளைக்கு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கமான்னு. எனக்கு மகளா வந்து பொறந்தியே, அதுக்கு. நேர்ல சொன்னா நீ கத்துவ. அதான் அங்கனயே நின்னு சொல்லிட்டு, அப்பறம் நடந்தேன்."

கைருன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரையில் அத்தனை பேரும் மொழி தெரியாமல் காத்திருந்தார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்றார் தலைவர்.

பிரேமலா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "நின்று எனக்கு நன்றி சொன்னாராம்" என்றாள். "கொஞ்சம் பொறுங்கள். நான் பதில் சொல்லிவிட்டு வருகிறேன்."

கேமராவை அணைத்துவிட்டு எழுந்து அம்மாவிடம் போனாள்.